சைகோன் வீணைக்குக் கம்பி தேடி ஒரகடம் வரை

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டேன். தோளில் ஒரு துணிப்பை. மார்போடு அணைத்தபடி பழைய போர்வையில் சுற்றிய நீளமான பெட்டி ஒன்று, நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. சென்னைப் பேருந்தில் ஏறியதும் நடத்துநர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, உள்ள துப்பாக்கியா?"

"வீணை, தம்பி."

"வீணைன்னா கொடம் இருக்குமே?"

"இது சைகோன் வீணை. கொடம் கிடையாது."

"ஓ, வெளிநாட்டு ஆளா? அப்ப ஜன்னலாண்ட உக்கார வைங்க, காத்து வாங்கட்டும்."

சிரித்துக்கொண்டே சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் சீட்டுக் கிழித்தார். நூற்று முப்பது ரூபாய். வீணைக்குச் சீட்டு கேட்கவில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

சைகோன் வீணை என்பது எங்கள் முத்தியால்பேட்டைத் தெருக்காரர்கள் வைத்த பெயர். வியட்நாம்காரர்கள் அதை 'டான் திரான்' என்பார்கள். என் மனைவி லூசி பிறந்தது சைகோனில். அப்பா காரைக்கால்காரர், பிரெஞ்சுக்காரர்களிடம் வேலைக்குப் போனவர். அம்மா அந்த ஊர்ப் பெண். அங்கே போர் முடிகிற சமயத்தில் குடும்பத்தோடு இங்கே வந்தபோது, அந்த அம்மா கையோடு கொண்டுவந்தது இந்த வாத்தியம்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான பெட்டி. மேல்பலகை படகைக் கவிழ்த்தது போல லேசாக வளைந்திருக்கும். அதன் மேல் பதினேழு எஃகுக் கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் கவட்டை போல இரண்டு கால் வைத்த குட்டி மரத்துண்டு ஒன்று நிற்கும். நம் வீணையில் கம்பி ஏறி உட்காருகிற துண்டைக் குதிரை என்கிறோம் அல்லவா, அதே வேலைதான் இதற்கும். ஆனால் இதில் கம்பிக்கு ஒரு குதிரை. எதுவும் ஒட்டப்பட்டிருக்காது. கம்பி அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்கும். நகர்த்தினால் சுரம் மாறும்.

லூசி பெரிய வித்வான் இல்லை. அம்மாவிடம் கற்ற நாலைந்து பாட்டு இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு அதையும் விட்டாள். ஒன்றை மட்டும் விடவில்லை. தினமும் சாயந்திரம் ஜெபமாலை நேரத்துக்கு, மெல்லிசான கம்பியில் ஆரம்பித்துத் தடித்த கம்பி வரை ஒரே இழுப்பாக விரலை ஓட்டுவாள். மழை பெய்து ஓடுகளின் மேல் வழிகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் வீட்டில் அதுதான் கோவில் மணி. வீட்டின் முன்பக்கம் என் கடை. நூல், பட்டன், லேஸ், ஊசி விற்கிறேன். அந்தச் சத்தம் கேட்டதும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போவேன். கடைசித் தடித்த கம்பி மட்டும் கொஞ்ச நேரம் தனியாக முனகிக்கொண்டிருக்கும். அது அடங்குவதற்குள் நான் மாதா படத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இருந்துவிடுவேன். ஒரு நாளும் அவள் வாய் திறந்து என்னைக் கூப்பிட்டதில்லை.

அவள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி வீணை நனைந்தது. கம்பிகள் துருவேறி அறுந்தன. குதிரைகளில் எட்டைச் செல் தின்றுவிட்டது. விரிசலை எங்கள் தெரு ஆசாரி ஒட்டிக் கொடுத்தார். மற்றது அவருக்குத் தெரியவில்லை.

அவள் போனதிலிருந்து கடையை எப்போது மூடுவது என்றே எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் எட்டு மணி, ஒரு நாள் ஒன்பது. ஜெபமாலையைப் படுத்துக்கொண்டே சொல்கிறேன், பாதியில் தூங்கிவிடுகிறேன். சில நாள் அதுவும் இல்லை. இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லூசி போனதோடு வீட்டிலிருந்து ஜெபமும் போய்விடுமோ என்று. பிரான்ஸில், லியோன் நகரத்தில் இருக்கும் மகள், "புதுசா ஒன்னு வாங்கி அனுப்புறேன்பா" என்றாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன கச்சேரியா செய்யப் போகிறேன்? எனக்கு வேண்டியது அந்த ஒரு இழுப்பு. ஒரு இழுப்புக்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, நானே இழுக்கலாம். வருஷ பூசைக்குள் அது திரும்ப வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

வாத்தியக் கடையில் வீணைக் கம்பி கொடுத்தார்கள். மாட்டி முறுக்கியதும் அறுந்தது, இரண்டு தடவை. கடைசியில் வழி சொன்னவர் என் கடை ஷட்டரைப் பழுது பார்க்க வந்தவர். "இதுக்கு ஸ்பிரிங் கம்பிதான் சார். நான் ஷட்டருக்கு ஸ்பிரிங் வாங்குற எடத்துல மெல்லிசுலேருந்து தடிப்பு வரைக்கும் எல்லாம் இருக்கும்" என்று ஒரகடத்தில் ஏகாம்பரம் என்பவரின் நம்பரைக் கொடுத்தார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. இட்லி, வடை, ஒரு டீ, ஐம்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் ஒரகடம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். அந்தச் சாலையில் பேருந்தை விடக் கன்டெய்னர் லாரிகள்தான் அதிகம். புதுக் கார்களை இரண்டு அடுக்காக அடுக்கிக்கொண்டு நீளமான வண்டிகள் போகின்றன. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் திடீரென்று ஒரு ஏரி, அதில் நாலு கொக்கு. பிறகு மறுபடியும் சுவர். எந்த வீட்டைப் பார்த்தாலும் மாடிக்கு மேல் மாடி கட்டி, 'பேச்சிலர் ரூம்', 'லேடீஸ் ஹாஸ்டல்' என்று போர்டு. கொடிகளில் ஒரே நிறச் சீருடைச் சட்டைகள் வரிசையாகக் காய்கின்றன. குழந்தைத் துணி காய்கிற கொடி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய். ஓட்டுநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனிக்கு சார், சாம்பிளா?" என்றார். இங்கே எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஏதோ ஒரு சாம்பிளைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள் போல. ஆமாம் என்றேன்.

ஏகாம்பரத்தின் பட்டறை பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்டது. உள்ளே நாலைந்து இயந்திரங்கள் கம்பியை விழுங்கி ஸ்பிரிங்காகத் துப்பிக்கொண்டிருந்தன. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். நெற்றி நிறைய விபூதி, பாக்கெட்டில் மைக்ரோமீட்டர். போர்வையைப் பிரித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது! கயித்துக் கட்டிலுக்குப் பொறந்த புள்ள மாரி கீது?"

விஷயத்தைச் சொன்னேன். லூசி பற்றியும், சாயந்திர இழுப்பைப் பற்றியும். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அம்மா போயி எவ்ளோ நாள் ஆச்சு?"

"அடுத்த வாரம் வருஷம்."

"அதுக்குள்ள இது பேசணும். அவ்ளோதான? உக்காரு சார், டீ சொல்றேன்."

நான் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோயிருந்த பழைய கம்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாக அளந்தார். மெல்லியது தலைமுடி போல, தடித்தது கோணி தைக்கிற ஊசி போல. அந்தந்தத் தடிமனுக்கு அவரிடம் கம்பிச் சுருள் இருந்தது. "இது கார் சீட்டுக்கு அடில போறது. இது கதவு லாக்குக்கு. பியானோவுக்கும் இந்த ஜாதிக் கம்பிதான் சார் போடுவான். உன் வீணைக்குப் போனா அதுக்குப் புண்ணியம், பாட்டாவது பாடும்." சுருளிலிருந்து வெட்டியதும் கம்பி சும்மா இருக்கவில்லை. பாம்புக் குட்டி மாதிரி சுருண்டு சுருண்டு கொண்டது. ஒரு முனையைப் பிடியில் இறுக்கி, மறுமுனையை இரண்டு பேர் இழுத்து நேராக்கினார்கள். பதினேழு கம்பியும் நேராக மத்தியானம் ஆகிவிட்டது.

குதிரைகளைச் செய்ய முத்துலட்சுமி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். கோவில்பட்டிப் பக்கம், ஐ.டி.ஐ. படித்தவள், பட்டறையின் மில்லிங் இயந்திரம் அவள் பொறுப்பு. மரத்தை நான் வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். லூசி முழந்தாளிட்டு ஜெபிக்கிற சின்ன மணை ஒன்று உண்டு, பலா மரம். அதையும் ஒரு பக்கம் செல் தின்றிருந்தது. நல்லதாக இருந்த ஒரு காலை அறுத்துக் கொண்டுவந்திருந்தேன். முத்துலட்சுமி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எத்தன வேணும்?"

"எட்டு, தாயி."

"எட்டு தேறும். ஒன்பதாவது கேட்டுராதீக, வெறுந்தூள்தான் தருவேன்." பழைய குதிரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அடிப்பக்கம் லேசா வளஞ்சுருக்குல்லா? பலகையோட வளைவுக்கு ஒக்காரணும்னு. செஞ்சவன் கெட்டிக்காரன்."

"செஞ்சவன் கெட்டிக்காரன்னா நீ கைய வெச்சிக்கினு நிக்காத, ஆரம்பி," என்றார் ஏகாம்பரம்.

"ஏண்ணே, உங்க ஸ்பிரிங்கு மாதிரியா இது? மரம்ணே. அவசரப்பட்டா பொளந்துக்கிடும்."

சாப்பாட்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்தோம். எழுபது ரூபாய்ச் சாப்பாடு. மீன் குழம்பு வாசனை வந்தது. "எனக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி வேண்டாம்" என்றேன். ஏகாம்பரம் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்காளுங்களுக்கும் வெள்ளிக்கெழம கெடையாதா? நான் முருகருக்காக. நீ?" "ஆண்டவர் பாடுபட்டு மரித்த நாள்." "அப்ட்றா சரி," என்று என் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார்.

திரும்பி வந்தபோது முத்துலட்சுமி முதல் குதிரையை முடித்து வைத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பலா மரத்தின் மஞ்சள் புதிதாகத் தெரிந்தது. ஏகாம்பரம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். சுவரில் வல்லக்கோட்டை முருகர் படம், அதற்கு அடியில் ஒரு பலகை. அந்தப் பலகை நிறைய ஸ்பிரிங்குகள். பெரிசு, பொடிசு, கூம்பு, தட்டை, ஒவ்வொன்றிலும் காய்ந்த குங்குமம். குதிரையின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்த ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் நிற்க வைத்துக் கற்பூரம் காட்டினார். இயந்திரக்காரர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே கும்பிட்டார்கள். எனக்கும் மனசு நிறைந்துபோய்க் கைகூப்பினேன். யாருக்கும் அந்த நேரத்தில் கணக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அடுத்த கவலை, குதிரைகளை எங்கே நிறுத்துவது, எந்தக் கம்பிக்கு எந்த சுரம் என்பது. லூசியின் கைக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டதில்லை. ஏகாம்பரத்தின் மச்சான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரர். அங்கே வியட்நாமிலிருந்து வேலை பழக்க வந்த பெண் ஒருத்தி தங்கியிருக்கிறாள் என்று சொல்லி, ஏகாம்பரம் வீணையோடு என்னைத் தன் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார். மற்ற ஏழு குதிரைகளையும் வந்து பார்ப்பதாக முத்துலட்சுமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹோவா. முப்பது வயது இருக்கலாம். மாலை ஷிப்டுக்குச் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேர் சாப்பிடுகிற மேசை அது. அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் கம்பெனி லைனில் கற்றது. "சீக்கிரம்," "போதும்," "தப்பு," "சூப்பர்ண்ணா." மீதியைக் கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னது. போர்வையை விலக்கியதும் எழுந்து நின்றுவிட்டாள். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். விரிசல் ஒட்டிய இடத்தில் விரலால் தடவினாள்.

வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தாள். பள்ளிக்கூடத்தில் வசதியான பிள்ளைகள் கற்றார்களாம். இவள் பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குப் போனவள். வியட்நாமில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். முத்தியால்பேட்டையில் பிறந்த எனக்கு வீணை தெரியுமா என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் அவள் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். யாரோ ஒரு பெண் வாசிக்கிறாள். குதிரைகள் சாய்வாக, பறவைகள் கூட்டமாகப் பறக்கிற மாதிரி நிற்கின்றன. இன்னொரு படத்தில் எந்தக் கம்பி எந்த சுரம் என்று எழுதியிருந்தது. ஐந்தே சுரம், அதுவே திரும்பத் திரும்ப. இரண்டையும் ஏகாம்பரத்தின் கைபேசிக்கும் என் கைபேசிக்கும் அனுப்பினாள்.

வெளியே கம்பெனிப் பேருந்து ஹாரன் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவளாக நின்று கைபேசியில் பேசினாள். அது சொன்னது: உங்களுக்கு எங்கள் பேச்சு ஏதாவது தெரியுமா?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மாமியார் தினமும் மத்தியானம் கடை வாசலில் வந்து நின்று சொல்வது. "அன் கோம்." சாப்பிட வா என்று அர்த்தம்.

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடினாள். மேசையில் அவள் தட்டில் சாம்பார் சாதம் பாதி அப்படியே இருந்தது. "தெனமும் இப்படித்தாங்க மீதி வெக்கிது," என்றார் சமையல்காரர். "நானும் என்னென்னவோ செஞ்சி பாத்துட்டேன்."

பட்டறைக்குத் திரும்பியபோது முத்துலட்சுமி குனிந்து இயந்திரத்துக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏழுதான் இருக்குண்ணே. எட்டு செஞ்சேன். மரமும் தீந்துபோச்சு. ஒன்னு எங்க உருண்டுச்சுன்னு தெரியல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் முருகர் படத்தைப் பார்த்தோம்.

ஏகாம்பரம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்ய... பழக்க தோசம்மா. எந்தப் புது ஐட்டம்னாலும் மொதோ பீஸு அவருக்குத்தான். கை தன்னால போய்டுது."

"எட்டுதான் தேறும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா!"

"சொன்ன. நான் இல்லன்றனா?" என்று அவளிடம் சீறிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் சுருங்கிப் போயிருந்தது. "சார், இந்தப் பட்டறை ஆரம்பிச்ச நாள்லேந்து அந்தப் பலகையிலேருந்து ஒன்னு நான் எட்த்ததில்ல. பார்ட்டி வந்து சாம்பிளுக்குக் கேட்டும் குட்த்ததில்ல. ஆனா இது உன் சம்சாரத்து மரம். உனுக்கு வேணும்னா எட்த்துக்கோ. அவரு கையில நான் பேசிக்கிறேன்."

நைலானில் ஒன்று செய்து தருவதாக முத்துலட்சுமி சொன்னாள். வேறு மரத்தில் செய்து கொரியரில் அனுப்புவதாக ஏகாம்பரம் சொன்னார். நான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். லூசி முழந்தாளிட்ட மணையின் மரம், குங்குமம் வைத்துக்கொண்டு, கார் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் இரண்டு காலை ஊன்றி நின்றது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எனக்கு என் வேதம், அவருக்கு அவர் வேதம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

நான் எடுக்கவில்லை. சாமிக்கு வைத்ததை எடுத்து என் வீட்டு ஜெபத்துக்கு மணி கட்டுவதா என்று ஒரு கூச்சம். அதோடு இன்னொன்றும் தோன்றியது. இங்கே தினமும் ஏழெட்டுப் பேர் வேலை தொடங்கும் முன் அந்தப் பலகையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். என் வீட்டில் நான் ஒருத்தன்தான். அவளுடையது ஒன்று இவ்வளவு பேருக்கு நடுவில் இருக்கட்டுமே.

"இருக்கட்டும் சார்," என்றேன். "பதினாறு கம்பி கட்டுவோம்."

ஏகாம்பரம் என் தோளில் கையை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எந்தக் கம்பிய விடணும் அண்ணாச்சி?" என்றாள் முத்துலட்சுமி. "நடுவுல விட்டா இழுக்கையில தடுக்கும். ஓரத்துல விடுவோம். இந்த ஓரமா, அந்த ஓரமா?"

இதைச் சொல்ல எனக்குச் சங்கீதம் வேண்டியிருக்கவில்லை. தடித்த கம்பியைத் தொடக்கூடாது. நான் வரும் வரைக்கும் காத்திருந்தது அதுதான். முதலில் இருக்கிற மெல்லிய கம்பியை விடச் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்கு என்றைக்கும் ஞாபகமில்லை. கடையில் ஏதாவது வேலையாக இருப்பேன். இரண்டாவது, மூன்றாவது கம்பியில்தான் காது விழித்திருக்கும்.

கம்பிகளைக் கட்டி, முளைகளை முறுக்கி, குதிரைகளை ஒவ்வொன்றாகச் சொருகினோம். முதலில் சொருகிய குதிரை நிற்காமல் மூன்று தடவை விழுந்தது. அடியை அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்ததும் நின்றது. முத்துலட்சுமி கைபேசியில் சுரம் காட்டுகிற செயலி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, கம்பியைத் தட்டுவதும் குதிரையை நகர்த்துவதுமாக இருந்தாள். அவள் ஷிப்டு முடிந்திருந்தது. "உனக்கு ரூமுக்கு நேரமாகலையா தாயி?" என்றேன்.

"ரூம்ல ஏழு பேரு இருக்கோம் அண்ணாச்சி. ஆளுக்கொரு ஷிப்டு. நான் போகையில ரெண்டு பேரு தூங்கிட்டிருப்பாளுக, மத்தவளுக வேலைக்குப் போயிருப்பாளுக. லைட்டு போட்டா கூட ஏசுவாளுக. என்னைய அங்க யாரு தேடப் போறா? இத முடிச்சிட்டே போறேன்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதியது. பட்டறை இயந்திரங்களை ஏகாம்பரம் நிறுத்தச் சொன்னார். தகரக் கூரைக்குள் ஒரே அமைதி.

"இழுங்க அண்ணாச்சி."

"அம்மாடி, நீயே இழு. நான் அந்தப் பக்கம் நிற்கிறேன்." நான் போய், முதுகைக் காட்டி, வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்போதும் நான் கேட்டது அப்படித்தான், முதுகுக்குப் பின்னால்.

அவள் இழுத்தாள்.

சொல்லத் தெரியவில்லை. சரியாக அதேதானா என்று கேட்டால் இல்லை. லூசியின் விரல் இன்னும் மெதுவாகப் போகும். புதுக் கம்பியில் ஒரு கூர்மை இருந்தது. ஆனால் கடைசியில் அந்தத் தடித்த கம்பி தனியாக முனகத் தொடங்கியபோது, நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. வலது கையை மேலே தூக்கி, இல்லாத ஷட்டரைப் பிடிக்கப் போனேன்.

"இன்னா சார், எங்க போற?" என்றார் ஏகாம்பரம்.

"ஜெபத்துக்கு," என்று சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். கம்பிக்குக் காசு வேண்டாம் என்றார். முத்துலட்சுமியின் வேலைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கி அவள் கையிலேயே கொடுத்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "வாரேன் அண்ணாச்சி, போயிட்டு ஒரு போன் போடுங்க, வழியில குதிர விழுந்துச்சான்னு" என்றாள்.

அன்றிரவு கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் அறுநூறு ரூபாய் அறை ஒன்றில் தங்கினேன். சனிக்கிழமை காலை புறப்படும்போது சாலையெங்கும் கம்பெனிப் பேருந்துகள். ஒவ்வொரு முனையிலும் இருபது முப்பது பிள்ளைகள், காதில் ஒயர், கழுத்தில் அட்டை, ஒருவரோடொருவர் பேசாமல் நிற்கிறார்கள். ஹாரன் அடித்தால் ஏறுகிறார்கள், சங்கு ஊதினால் இறங்குகிறார்கள். நேற்று வரும்போது இந்த ஊரைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. இன்று வேறு மாதிரி தோன்றியது. ஒரு சத்தம் கேட்டு எழுந்து போவதற்கு மனுஷனுக்கு ஒரு இடம் இருந்தால் அதுவும் ஒரு கொடுப்பினைதான். அவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் கூப்பிடுகிறார்கள்.

போர்வைக்குள் பதினாறு கம்பியும் பேருந்து குலுங்கும்போதெல்லாம் லேசாக முனகிக்கொண்டே வந்தன. திண்டிவனம் தாண்டியதும் மூன்று குதிரைகள் சாய்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து, ஹோவா கொடுத்த படத்தைப் பார்த்து நிறுத்தினேன். முத்துலட்சுமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மூணுதான? அப்ப நம்ம வேல பாஸு," என்றாள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

மாலையில் வீணையை மாதா படத்துக்கு முன்னால், அதன் இடத்தில் வைத்தேன். மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. இத்தனை நாள் திட்டம் போட்டவன் இதை யோசிக்கவே இல்லை. கடையில் இருக்கிறவனைக் கூப்பிட உள்ளே ஒருவர் வேண்டும். உள்ளே இருந்து இழுத்தால் கடையில் ஆள் இல்லை. ஷட்டரை முன்னாலேயே இறக்கிவிட்டு வந்து இழுக்கலாம். ஆனால் அது கூப்பிடுவது ஆகாது.

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். உட்கார்ந்து, விரலை மெதுவாக, அவள் இழுக்கிற மாதிரி மெதுவாக இழுத்தேன். தடித்த கம்பி முனகத் தொடங்கியதும் எழுந்தேன். கூடம் தாண்டி, நடை தாண்டிக் கடைக்குப் போய், ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அதே நடையும் கூடமும் தாண்டித் திரும்பி வந்தேன். லூசி இருந்தபோது எனக்கு வருகிற தூரம் மட்டும்தான். இப்போது போகிற தூரமும் என்னுடையது.

வந்து நின்றபோது சத்தம் அடங்கியிருந்தது. குனிந்து அந்தக் கம்பியின் மேல் விரலை வைத்தேன். காதுக்குக் கேட்காத ஒரு அதிர்வு விரலுக்கு மட்டும் இன்னும் தெரிந்தது. முழந்தாளிட்டேன்.